என் முதுகு போட்ட கோல்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்துநாலு வயதில் எனக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. தேசபக்தர்கள் சட்டசபைக்குள் நுழையலாமா கூடாதா என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து இருந்தது. (முதல் ஆறு மாதம் நுழையலாம் என்றும், அடுத்த ஆறு மாதம் கூடவே கூடாது என்றும் அதே தீர்மானத்தோடு சொல்லிவந்தேன்.) இங்கிலாந்தில் அடுத்த மந்திரிசபையை யார் அமைக்க வேண்டும், அமெரிக்காக்காரர்கள் யாரை ஜனாதிபதியாக வைத்துக்கொண்டால் உருப்படுவார்கள், சீமையில் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து உதைக்கிறவர்களை என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் நாகர்கோவிலில் என்னிடம் விடை தயாராக இருந்தது. லண்டனிலிருந்தோ டெல்லியிலிருந்தோ யாரும் எழுதிக் கேட்கவில்லை. அது அவர்கள் நஷ்டம் என்று இருந்துவிட்டேன்.

இந்த ஞானமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றில் புகையிலை மண்டி வைத்திருந்த மீரான் பிள்ளை தம் கடை மாடியில் ஒரு வாசகசாலை நடத்தினார். சென்னைப் பத்திரிகை திருநெல்வேலிவரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலுமாக மறுநாள் மாலை வந்து சேரும். சீமைப் பத்திரிகைகள் வேறு வழியாக வந்தன. துரைமார் வீடுகளில் படித்துக் கழித்த பழைய தாள்களை மீரான் பிள்ளை புகையிலை மடிக்க எடைபோட்டு வாங்குவார். அதில் நல்லதாகப் பார்த்து மாடிக்கு அனுப்புவார். ஆக, தேசத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் ஒரு நாள் பழையது. காற்பந்தைப் பற்றிய என் அபிப்பிராயம் ஐந்தாறு வருஷம் பழையது, புகையிலை வாசனையும் அடிக்கும். இது அப்போது எனக்குத் தெரியாது.

நான் பி.ஏ. முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். அந்த வருஷம் நடந்த ஒரு கிறிஸ்மஸ் விழாவில், நெய்யூரிலிருந்து வந்திருந்த எஸ்தர் என்ற ஆசிரியை வேதபாடம் வாசித்ததைக் கேட்டேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவசரமே இல்லாமல் வாசித்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் பத்திரிகை படிக்காமல் நானாக எடுத்த முதல் முடிவு அது. அம்மாவைச் சம்மதிக்கவைக்க ஐந்து மாதம் ஆயிற்று. பெண்ணின் தகப்பனார் ஏசுவடியான், நெய்யூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்கிக் கொடுக்கும் கையால் மருமகனையும் நிறுத்துப் பார்க்கிறவர் என்று கேள்வி. ஏற்கெனவே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

பள்ளி விடுமுறை முடியும் சமயம், ஒரு திங்கட்கிழமை பெண் பார்க்கப் போக நாள் குறித்தார்கள். துணைக்கு அம்மாவின் அண்ணன் மாசிலாமணி மாமா. அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர். புறப்படும்போது அம்மா என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னாள்: "அங்க போய் லோகத்தப் பத்தி ஒண்ணும் பேசப்பிடாது மக்கா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

சத்தியம் செய்து கொடுத்தேன். பஸ்ஸில் நெய்யூர் போய்ச் சேரும்வரை அதைக் காப்பாற்றவும் செய்தேன்.

கம்பவுண்டருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உலக்கை மாதிரி கை, சிறிய தொந்தி, பேசுவதற்கு முன் ஒரு தடவை மூச்சு இழுத்துக்கொள்ளும் பழக்கம். மேஜையில் முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் வைத்திருந்தார்கள். சுவரில் பதினோரு பேர் கைகட்டி நிற்கும் பழைய படம் ஒன்று, காலடியில் பந்து. எஸ்தர் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய், திறந்திருந்த கதவுக்கு அப்புறம் தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்தது. மழை வருமா என்று பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது கம்பவுண்டர் மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார்: "பத்திரிகையெல்லாம் வாசிப்பியளா தம்பி?"

கேட்டதுக்குப் பதில் சொல்லலாம் என்று அம்மாவே அனுமதி கொடுத்திருந்தாளே. சொன்னேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் சொன்னேன்.

முதலில் தேசம். அடுத்த வருஷத்துக்குள் வெள்ளைக்காரன் கப்பலேறிவிடுவான் என்றேன். (பத்து வருஷம் ஆகப்போகிறது. கப்பல் இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.) ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரிடம் வேலை பார்க்கும் மனிதர் அதற்கு என்ன சொல்வார்? சாயாவைக் குடித்தார். மாமா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது இங்கிலாந்து. அங்கே தேர்தல் முடிந்து முடிவு வரவேண்டிய நேரம். இருபத்தொரு வயதான பெண்களுக்கெல்லாம் அங்கே முதல் தடவையாக ஓட்டு கொடுத்திருந்தார்கள். ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம் என்றேன். ஏன் என்றும் விளக்கினேன். பெண்களுக்கு அரசியலில் சொந்தக் கருத்து கிடையாது. கல்யாணம் ஆகாதவள் தகப்பன் சொன்னபடியும் ஆனவள் புருஷன் சொன்னபடியும் போடுவாள். ஆகவே கூடுதல் ஓட்டு முழுதும் பழைய பெட்டியிலேயே விழும். கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள். கதவுக்கு அப்புறம் எஸ்தர் மடியிலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள். என் பேச்சில் மயங்கியிருக்கிறாள் என்று நினைத்து, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

மாமா மறுபடி கிள்ளினார். நான் பேச்சைக் காற்பந்துக்குத் திருப்பினேன். சுவரிலிருந்த படத்தைக் கைகாட்டி, இப்படி ஆசைக்கு ஆடுவதுதான் கௌரவம், சீமையில் நடப்பதுபோலக் கூலி வாங்கிக்கொண்டு பந்து உதைப்பது மனிதன் செய்யும் காரியமே அல்ல என்று அடித்துச் சொன்னேன்.

கம்பவுண்டர் படத்தைப் பார்த்தார். "நடுவுல நிக்கது நானாக்கும். கொல்லத்துல ஓடு செய்யுற ஒரு ஆலை. வேலைக்குன்னு எடுத்தாவ. ரெண்டு வருசத்துல ஒரு ஓடுகூட நான் கையால தொட்டதில்ல. பந்துதான்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு அச்சப்பத்தை எடுத்து வாயை அடைத்திருப்பார்கள். நான் கொள்கைவாதி. ஆள் யாராக இருந்தாலும் கொள்கை கொள்கைதான் என்றேன். சொன்ன பிறகு சற்று உறைத்தது. மனிதரைக் குளிர்விக்க வேண்டுமே என்று, அந்த ஆட்டத்தில் எனக்கு இருக்கும் பாண்டித்தியத்தைக் காட்டத் தொடங்கினேன். ஆஃப்சைடு என்ற சட்டத்தை வரிக்கு வரி ஒப்பித்தேன். சக ஆட்டக்காரன் பந்தைத் தட்டிவிடும் நேரத்தில், முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும். குறைந்தால் தப்பாட்டம், கோல் செல்லாது.

அவர் சட்டத்தின் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. சட்டம் என்று ஒன்று தெரிந்த ஆள் கிடைத்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது. அன்று மாலை நெய்யூர் அணிக்கும் கோட்டாற்று வியாபாரிகள் அணிக்கும் ஆட்டம். வழக்கமாக விசில் ஊதும் டிரில் மாஸ்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆள் இல்லாமல் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிதான் ஊதணும்" என்றார்.

மாசிலாமணி மாமா அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார். "அவனுக்கு வேண்டாம்."

"ஊதுறேன்" என்றேன் நான்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை நான் காற்பந்தாட்டம் எதையும் முழுசாகப் பார்த்ததில்லை. பள்ளியில் பையன்கள் ஆடும்போது நான் மரத்தடியில் அதைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பேன்.

நாலு மணிக்கு மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. நான் புது மல் வேட்டியை மடித்துக் கட்டி, மேலே கறுப்புக் கோட்டோடு நடுவில் போய் நின்றேன். கழுத்தில் விசில். முதல் தடவை ஊதியபோது காற்று மட்டும்தான் வந்தது. இரண்டாவது தடவை சத்தம் வந்தது. அதில் நானே ஒரு அடி துள்ளினேன். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொண்டது. கம்பவுண்டர் வீட்டம்மா யார் மூலமோ ஒரு குடையைக் கொடுத்தனுப்பினார்கள். வருங்கால மருமகன் நனையக் கூடாதே என்ற நல்லெண்ணம். குடை பிடித்துக்கொண்டு விசில் ஊதிய முதல் ஆள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நானாகத்தான் இருப்பேன். காற்று அதை மூன்றே நிமிஷத்தில் மேல்நோக்கித் திருப்பிப்போட்டது. ஓரத்தில் எறிந்துவிட்டு ஓடினேன்.

இடைவேளைக்குச் சற்று முன்பு அது நடந்தது. கம்பவுண்டர் அந்த வயதிலும் முன்வரிசையில் ஆடினார். மூன்று வருஷமாக ஒரு கோலும் போடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். யாரோ பந்தை முன்னால் தள்ளினார்கள். அவர் தொந்தியோடு சறுக்கிக்கொண்டு போய், சேற்றில் விழுந்தபடியே பந்தைக் கோல் கம்பத்துக்குள் செலுத்தினார். ஊர் ஆர்ப்பரித்தது. எழுந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளையின் சிரிப்பு அது.

நான் எண்ணிவைத்திருந்தேன். பந்து புறப்பட்டபோது அவருக்கு முன்னால் எதிராளிகள் இரண்டே பேர். விசிலை ஊதி, கோல் செல்லாது என்றேன்.

பத்துப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் இருந்தால் போதும் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். கோட்டாற்று அணியின் தலைவர்கூட, ஒரு மாதிரியாக என்னைப் பார்த்து, "ரெண்டு போதும்னுதான் நாங்களும் ஆடுதோம்" என்றார். ஊர்க்காரர்கள் சௌகரியத்துக்குத் தளர்த்திவைத்திருக்கிறார்கள் என்று நான் முடிவுகட்டினேன். அச்சில் வந்த சட்டத்தை நான் கண்ணால் படித்தவன். மூன்று என்றால் மூன்று. கம்பவுண்டர் கையை உயர்த்தித் தம் ஆட்களை விலக்கினார். "விசில் ஊதியாச்சுல்லா. ஆடுங்க." என்னைப் பார்க்காமல் நடந்துபோனார்.

உண்மை என்னவென்றால், அந்தச் சட்டம் மாறி நாலு வருஷம் ஆகியிருந்தது. உலகம் முழுக்க இரண்டு பேர் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்தத் தாள் மட்டும் இன்னும் மீரான் பிள்ளையின் மாடிக்கு வந்து சேரவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து நெய்யூர் கம்பத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்துக்குள் கிடந்தது. நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்பது விசில் ஊதும் கண்காணியின் கடமை என்று வாசித்திருந்ததால் நானும் உள்ளே போனேன். மழைத்தண்ணீர் கண்ணில் இறங்கிற்று. துடைக்கத் திரும்பினேன். கோட்டாற்று ஆள் ஒருவர் எங்கோ வெளியே போகும்படி உதைத்த பந்து, ஈரக் கல் விழுந்ததுபோல என் முதுகில் வந்து அறைந்தது. நான் முகங்குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் பந்து கம்பத்துக்குள் இருந்தது. காவலுக்கு நின்றவர் எதிர்ப்பக்கம் பாய்ந்து படுத்திருந்தார்.

எல்லாரும் நான் அதைத் தள்ளுபடி செய்வதற்காகக் காத்திருந்தார்கள். கோட்டாற்றுக்காரர்களே கொண்டாடவில்லை; அவர்களுக்கும் வெட்கமாக இருந்தது. கம்பவுண்டர் இடுப்பில் கைவைத்து நின்றார். கதை திரும்ப நல்லபடியாக முடிவதற்கு எனக்குக் கிடைத்த வாய்ப்பு அது. செல்லாது என்று ஒரு ஊதல் ஊதினால் போதும். அந்த யோசனை எனக்கும் வந்தது, வராமல் இல்லை. ஆனால் இதற்கும் சட்டம் எனக்குத் தெரியும். கண்காணி மேல் பந்து பட்டால் கம்பத்தின் மேல் பட்ட மாதிரி. ஆட்டம் நிற்காது, கோல் கோல்தான். (இந்த ஒன்று மட்டும் மாறவே இல்லை. என் அதிர்ஷ்டம் அப்படி.) அவருடைய கோலுக்கு ஒரு சட்டம், என் முதுகுக்கு ஒரு சட்டம் என்று எப்படி வைத்துக்கொள்வது? வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, விசிலை ஊதி, நடுக்கோட்டைக் கைகாட்டினேன்.

நெய்யூர் ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றது. பிறகு நடந்தவற்றில் பாதி எனக்கு நினைவில்லை. மீதியை நினைக்க விரும்பவில்லை. மாமா என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கம்பவுண்டர் வீட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அவர் ஒரு துவர்த்தை என்னிடம் நீட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தலை துவட்டினார். அந்த நேரம் பார்த்து நாகர்கோவில் பஸ் பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டது. எஸ்தர் எடுத்துப் பிரித்தாள். வேதபாடம் வாசித்த அதே குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவசரமே இல்லாமல் வாசித்தாள். இங்கிலாந்துத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றுவிட்டது.

பத்திரிகையை மடித்து மேஜையில் வைத்தாள். அன்றைக்கு அவள் என்னோடு நேராகப் பேசியது அப்போதுதான். "இங்கிலாந்து இருக்கட்டும். எங்க அம்மைக்க பேருல நிலம் உண்டு, சர்க்காருக்குக் கரம் கட்டுதாவ. அதனால இங்கயே ஓட்டு உண்டு. போன தடவ அப்பா சொன்ன ஆளுக்கு அம்மை போடல்ல."

கம்பவுண்டர் துவர்த்தைத் தலையிலிருந்து எடுத்தார். மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "போடல்லியா?"

"அந்த ஆள எனக்குப் பிடிக்கல்ல" என்றார்கள் வீட்டம்மா.

"வேற யாருக்குப் போட்ட?"

"அது எதுக்கு இப்பம்."

ஆக, ஒரே பிற்பகலில் அந்த மனிதருடைய இளமைக்காலத்தைக் கேவலப்படுத்தி, கோலைப் பறித்து, அணியைத் தோற்கடித்து, கடைசியில் குடும்பத்துக்குள்ளும் கலகம் மூட்டிவிட்டேன். பஸ்ஸில் மாமா நாகர்கோவில்வரை ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது, "உனக்க அம்மைகிட்ட நீயே சொல்லு" என்றார். அதோடு அன்றைய வார்த்தைகள் தீர்ந்துவிட்டன.

அந்த வாரம் முழுவதும் நான் வாசகசாலைக்குப் போகவில்லை. எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் வீட்டுக்குப் போய்ப் புதிய சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பேர். தெளிவாக அச்சடித்திருந்தது. மூன்று முறை வாசித்தேன், மூன்று முறையும் இரண்டுதான். எஸ்தர் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கோல் அவருடையது. அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டேன். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று பத்து மைலுக்கு மேல் மழையில் நடந்தே போனேன். கம்பவுண்டர் வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. எழுதிக் கொண்டுபோயிருந்த காகிதத்தை நீட்டினேன். நல்ல கையெழுத்தில், என் பட்டத்தோடு கையெழுத்திட்டு, இன்ன மைதானத்தில் இடைவேளைக்கு முன்பு அவர் போட்டது முழுமையான, நியாயமான கோல்; அதை மறுத்தது என் அறியாமை என்று சாட்சி எழுதியிருந்தேன். கூலிக்கு ஆடுவதைப் பற்றிச் சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாயால் சொன்னேன்.

அவர் இரண்டு தடவை வாசித்தார். "நடந்தா வந்தியள்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பம் முதல்ல அந்தக் கோட்டக் கழற்றும்."

அன்று மத்தியானம் அங்கே சாப்பிட்டேன். யாரும் எதைப் பற்றியும் என் அபிப்பிராயம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்பதைக்கூட மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆன பிறகுதான் எஸ்தரிடம் கேட்டேன், ஏன் சம்மதித்தாய் என்று. "முதுகுல பட்ட பந்த வேண்டாம்னு ஊதியிருந்தா, அண்ணைக்கே அப்பாவுக்கு உங்களப் பிடிச்சிருக்கும்" என்றாள். "எனக்குப் பிடிச்சிருக்காது." பிறகு, நான் அதிகமாகச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, பத்திரிகை வந்தால் முதலில் தனக்குத்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். இன்றுவரை அப்படித்தான். அவள் படித்து முடிக்கும்வரை உலகத்தில் எனக்கு ஒன்றும் நடப்பதில்லை.

மாமனார் அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு, பதினோரு பேர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம், "நமக்கு எதிரா கோல் போட்ட மருமவன் இவருதான்" என்று என்னை அறிமுகப்படுத்துவார். எங்கள் மகள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தேன். அவர் உள்ளேயிருந்து வந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, "பொம்பளப் பிள்ளையாக்கும். ரெண்டு பேரும் சுகம்" என்றார். கொஞ்சம் நின்று, "ஒண்ணுக்கு ஒண்ணு. இப்பம் சமம்" என்றார். குழந்தைக்கு ரூத் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். நெய்யூரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அங்கே அவள் கோலம்மை.

இப்போது அவளுக்கு ஏழு வயது. தாத்தா பாதிக் கதையை மட்டும் சொல்லியிருக்கிறார். போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். கோட்டாற்றை ஜெயிக்கவைத்த அப்பாவைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்று பேரும் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் காலாலப்பா அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

எஸ்தர் பத்திரிகையைத் தாழ்த்தி, என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னேன். ரூத் இன்றுவரை அதை நம்பவில்லை.